நிமிர்ந்த மூக்கின் விலை

அமெரிக்காவில் புதிய பிக்கப் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பின்பகுதி ஓரிரு அங்குலம் தூக்கலாக இருக்கும்; மூக்கு சற்றே தாழ்ந்திருக்கும். முட்டத் தயாராகும் காளையின் தோரணை. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு அது காளையாகத் தெரிவதில்லை. குனிந்து கும்பிடு போடும் வண்டியாகத்தான் தெரிகிறது. இத்தனை பணம் கொட்டி வாங்கிய வண்டி தலைகுனிந்து நிற்பதா?

இந்த மனக்குறையை நம்பி அங்கே ஒரு தனி வியாபாரமே நடக்கிறது. 'லெவலிங் கிட்' என்று பெயர். முன்பக்கத்தை மட்டும் இரண்டு அல்லது இரண்டரை அங்குலம் தூக்கி, பின்பக்கத்துக்குச் சமமாக்குவது அதன் வேலை. கிடைத்த இடைவெளியில் பெரிய டயர்களை மாட்டிக்கொண்டால் அலங்காரம் பூர்த்தி.

வேலை சிக்கலானதல்ல. ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றி, அதன் தலைக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு அலுமினிய வளையத்தை வைத்து முடுக்க வேண்டும். சுமார் ஓர் அங்குல கனமுள்ள வளையம் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிடும். ஸ்ட்ரட் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் கிடைக்கும் நெம்புகோல் லாபம் இது. கைத்தேர்ச்சி உள்ளவர்கள் வீட்டு கராஜிலேயே ஒரு பிற்பகலில் முடித்துவிடுகிறார்கள்.

மூக்கு ஏன் தாழ்ந்திருந்தது என்ற கேள்வியை மட்டும் அதிகம் பேர் கேட்பதில்லை.

பெரும்பாலான பிக்கப்புகளின் பின் அச்சு, அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகளின் கீழ் இருக்கிறது. பின்பெட்டியில் சிமெண்ட் மூட்டைகளோ விறகோ ஏறினால், அல்லது பின்னால் டிரெய்லர் மாட்டினால், பட்டைகள் அமுங்கிப் பின்பக்கம் இறங்கும். அப்போது வண்டி தானாகவே சமமாக நிற்கும். அதாவது, தயாரித்தவர்கள் மனதில் வைத்தது பாரம் ஏற்றிய வண்டியை. காலியாக நிற்கும் வண்டி பாரத்துக்காகக் காத்திருக்கிறது. காலியாக இருக்கும்போதே சமமாக்கிவிட்டால், பாரம் ஏறியதும் பின்னால் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். ஆக, லெவலிங் கிட் மாட்டுவது ஒரு வகையில் 'இனி இது சுமை தூக்கப்போவதில்லை' என்று ஊருக்கு அறிவிப்பதுதான்.

பிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாலைவன மணலிலும் பனியிலும் பாறைத் தடங்களிலும் ஓட்டுபவர்களுக்கு முன்பக்க உயரம் உண்மையிலேயே உதவுகிறது. மேட்டில் ஏறும்போது பம்பர் தரையில் இடிக்காது. பெரிய டயர் பள்ளங்களை எளிதாகத் தாண்டும். ஆனால் உயர்த்திய வண்டிகள் எல்லாமே பாறைத் தடத்துக்குப் போவதில்லை. பல வண்டிகள் பார்க்கும் மிகப்பெரிய மேடு சூப்பர் மார்க்கெட் வாசலின் வேகத்தடைதான்.

டயர் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 265/70 ஆர்17 அளவு டயரின் விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 285/70 ஆர்17 போட்டால் சுமார் 831 மில்லிமீட்டர். விட்டம் 28 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், 14 மில்லிமீட்டர். இந்தச் சொற்ப உயரத்துக்கு வேகமானி பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. முள் 100ல் நிற்கும்போது வண்டி 103.5 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒரு லட்சம் கி.மீ. ஓடிய வண்டியின் மீட்டர் சுமார் 96,600 என்று காட்டும். கம்ப்யூட்டரில் புதிய டயர் அளவைப் பதிந்தால் இது சரியாகும். ஆனால் டயரின் கூடுதல் எடை எங்கும் போகாது. வேகம் எடுக்கவும் நிறுத்தவும் அதிக சக்தி வேண்டும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். வீல் அலைன்மெண்ட் செய்யாமல் விட்டால் ஒருபக்கம் தேய்ந்துபோகும். பால் ஜாயிண்டும் அச்சு மூட்டுகளும் பழகாத கோணத்தில் உழைத்துச் சீக்கிரம் தேயும்.

இதெல்லாம் உரிமையாளரின் பாடு. அவர் வண்டி, அவர் பணம். எதிரே வருபவரின் கதை வேறு.

முகப்பு விளக்கின் லோ பீம் சற்றே கீழ்நோக்கி விழும்படிதான் தொழிற்சாலையில் அமைக்கப்படுகிறது. சுமார் 3.7 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியின் முன்பக்கத்தை மட்டும் 5 செ.மீ. தூக்கினால், ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் ஒளி 1.3 செ.மீ.க்கு மேல் உயர்கிறது. 30 மீட்டர் தள்ளி அது 40 செ.மீ.க்கு மேல் ஏறிவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம், எதிரே சிறிய காரில் வருபவரின் கண்ணில் விழுகிறது. பரிகாரம் சுலபம். ஒரு சுவர், ஒரு ஸ்குரூ டிரைவர், சில நிமிட நேரம். கிட்டுக்கும் டயருக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள் காசு செலவில்லாத இந்த வேலையை மறந்துவிடுகிறார்கள். கூசுவது அவர்கள் கண் இல்லையே!

உயரத்தின் இன்னொரு விலை பகலிலும் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் நடந்துசெல்பவர்கள் அடிபட்ட சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023ல் முடிவை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள சரிவான முகம் கொண்ட கார்களைவிட, அடிபட்டவரைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த கார் காலில் இடித்து ஆளை பானெட் மீது சரிக்கும். உயர்ந்த வண்டி மார்பிலும் தலையிலும் மோதிக் கீழே தள்ளும். அந்த நாட்டில் சாலையில் நடந்துபோய் இறந்தவர்கள் 2009ல் 4,109 பேர். 2022ல் 7,500க்கும் மேல். இந்த உயர்வுக்கு வண்டியின் உயரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆலையிலிருந்தே உயரமாக வரும் பிக்கப்பின் மூக்கை மேலும் இரண்டு அங்குலம் தூக்கினால், நேர் முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுபவரின் பார்வையிலிருந்து இன்னும் கொஞ்சம் மறைகிறது.

சட்டம் எட்டிப் பார்த்தது மோகம் எல்லை மீறிய பிறகுதான். முன்பக்கத்தை அளவுக்கு மீறித் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் 'கரோலினா ஸ்குவாட்' என்ற கோலம் பரவியபோது, வட கரோலினா 2021 டிசம்பரிலிருந்து அதைத் தடை செய்தது. முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் குற்றம். ஓராண்டுக்குள் மூன்றாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஓராண்டுக்கு லைசென்ஸ் ரத்து. 2022ல் வர்ஜீனியாவும் 2023ல் தென் கரோலினாவும் இதே வழியில் சட்டம் கொண்டுவந்தன.

இந்தியாவில் பிக்கப் என்றாலே பாரம்தான். காய்கறியும் கோழிக் கூண்டும் கட்டடக் கம்பியும் ஏற்றிச் செல்லும் பொலேரோவுக்கு மூக்கைப் பற்றிக் கவலை இல்லை. இங்கே பட்டறையில் நடக்கும் தில்லுமுல்லு நேர் எதிரானது: அனுமதித்ததைவிட அதிகம் ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை சேர்ப்பார்கள். ஆனால் தார், இசூசு வி-கிராஸ், 2022ல் இங்கே வந்த ஹைலக்ஸ் போன்ற வண்டிகளோடு அமெரிக்க மோகமும் வந்து இறங்கிவிட்டது.

இங்குள்ள சட்டம் இன்னும் கறாரானது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இருந்தும் ராட்சத டயர்களோடு திரியும் வண்டிகளுக்கு எந்த நகரத்திலும் பஞ்சமில்லை.

ஆசையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி அலங்கரிப்பது மனித சுபாவம். ஆனால் கிட்டின் விலை, டயரின் விலை, கூலி, அலைன்மெண்ட் என்று பட்டறைக்காரர் எழுதித் தரும் பில்லில், இரவில் எதிரே கண் கூசி வரும் மொபெட்காரரின் பங்கு மட்டும் இருப்பதில்லை. அதை அவர் தனியாகக் கட்டுகிறார்.