கொன்றால்தான் மருந்தா?

பூஞ்சைத் தொற்றா? கொல்லு! மருந்து தேடுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் இதுதான். நான் பி.காம். படித்த வங்கிக்காரன்; டாக்டரில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்றொரு ஈஸ்ட். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. உருண்டையாக இருக்கும்வரை பெரும்பாலும் சாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் இழையாக நீண்டு திசுவைத் துளைக்கும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. 2022ல் உலக சுகாதார நிறுவனம் மிக அபாயகரமானவை என்று பட்டியலிட்ட நான்கு பூஞ்சைகளில் இதுவும் ஒன்று.

2003ல் ஓர் எலிச் சோதனை வெளியானது. மரபணுவை மாற்றி, உருண்டை வடிவிலேயே பூட்டி வைத்த கேண்டிடாவை எலிகளுக்கு ஏற்றினார்கள். கிருமி உறுப்புகளில் பரவியது, எலிகள் பிழைத்தன. பூட்டைத் திறந்து இழை விட அனுமதித்தபோது செத்தன. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

வடிவம் மாறச் சொல்லும் சமிக்ஞையைத் தயாரிப்பது அடினைலில் சைக்ளேஸ் என்ற என்சைம். இதுபோன்ற என்சைம்களைத் தடுப்பதுதான் வழி. நம் உடம்பிலும் இந்த வகை என்சைம் உண்டு, பூஞ்சையினுடையதை மட்டும் பிடிப்பது சுலபமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடியாத காரியமா? புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் வடிவம் மாறும் வேறொரு பூஞ்சையை வைத்து, குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைமைத் தடுக்கும் பொருட்களைச் சோதித்திருக்கிறார்களே!

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. கிருமி வளர்வது நிற்கிறதா என்றுதான் வழக்கமான சோதனை பார்க்கும். வளரவிட்டு வடிவத்தை மட்டும் தடுக்கும் பொருள் அங்கே ஃபெயில்! டெபாசிட்டை மட்டும் பார்த்துக் கிளைக்கு மார்க் போட்டு, வாராக்கடனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

"கேண்டிடா ஆரிஸ் இழை விடுவதே அபூர்வம், அதற்கு என்ன செய்வீர்?" என்பார்கள். அதற்கு இது உதவாதுதான். அதற்காக அல்பிகன்ஸையும் விட்டுவிடுவதா? கொல்லும் மருந்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, துணைக்கு ஒன்று கேட்கிறேன். அந்த மருந்துகளோ விரல்விட்டு எண்ணும் சில வகைகள்தான். அவற்றுக்கும் அடங்காத கிருமிகள் வந்துகொண்டிருக்கின்றன.

சர்க்கரை, கீமோ, ஐ.சி.யூ... இதில் ஒன்றாவது எட்டிப் பார்க்காத வீடு நம்மில் எத்தனை? சோதனைத் தாளில் 'வடிவம்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள் ஐயா. அவ்வளவுதான் கேட்கிறேன்.