மூழ்குவோனும் அவன் மூச்சுக் கருவியும்

ஒரு கருவியை விலைகொடுத்து வாங்கியவன் அதனைத் திறந்து பார்க்கவும், தேய்ந்த உறுப்பை மாற்றவும் உரிமையுடையவனோ என்னும் வினா இக்காலத்திற் பல நாடுகளில் எழுந்திருக்கின்றது. உழவனுடைய டிராக்டரைப் பற்றியும், மாணவன் சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசியைப் பற்றியும் நிகழும் வாதங்களைப் பத்திரிகை படிப்போர் யாவரும் அறிவர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவ்வாதத்தின் ஒரு சிறு மூலை. கடலில் மூழ்குவோர் வாயிற் கவ்விச் செல்லும் ஸ்கூபா ரெகுலேட்டரை, அதனையுடையவனே பழுதுபார்க்கலாமா? அதற்கு வேண்டிய உறுப்புக்களை அவனுக்கு விற்கலாமா? ‘கூடவே கூடாது’ என்று சொல்வோர் பலர். அவருட் பலர் நல்லெண்ணமுடையோரே. எனினும் நாம் அவர்களோடு உடன்படுகின்றிலோம்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் கல்லின் பாரத்தால் அடியிற் சென்று, மூச்சையடக்கிச் சிப்பி வாரினர் என்பதை நம் மாணவர்கள் கேட்டிருப்பர். ஸ்கூபாக்காரனோ மூச்சையடக்குவதில்லை, காற்றைத் தன் முதுகிற் சுமந்து செல்கின்றான். அவனுடைய சிலிண்டரில் காற்று ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். ஒரு பார் என்பது நாம் தரைமேல் உணராமலே தாங்கிவரும் காற்றழுத்தத்தின் அளவு என்று கொள்க. அவ்வளவு வலியுடைய காற்று நேரே மார்பிற் புகுமாயின் நுரையீரல் கிழிந்துவிடும். நீரிலோ ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் மிகுகின்றது. ஆகவே மூழ்குவோன் எவ்வாழத்தில் இருக்கின்றானோ அவ்வாழத்து நீரின் அழுத்தத்திற்கு ஒத்த அழுத்தத்திலேயே, அதுவும் அவன் இழுக்கும்பொழுது மட்டுமே, காற்று வாயினுள் வருதல் வேண்டும்.

இவ்வேலையை ரெகுலேட்டர் இரண்டு கட்டங்களிற் செய்து முடிக்கின்றது. சிலிண்டரின் தலையிற் பூட்டப்படும் முதற்கட்டம், 200 பாரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு மேல் 9 அல்லது 10 பார் என்ற அளவிற்குக் குறைத்து நிறுத்துகின்றது. இதனை இடையழுத்தம் என்று அழைப்போம். வாயிலிருக்கும் இரண்டாங்கட்டத்தில் ஒரு மெல்லிய ரப்பர்த் தகடுண்டு. டயாபிரம் என்பது அதன் பெயர். மூழ்குவோன் மூச்சை உள்ளிழுக்குந்தோறும் அது உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகின்றது. இழுப்பது நின்றவுடன் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகின்றது. கருவி முழுவதும் இவ்வளவே. இதன்கண் மின்சாரமில்லை, மறைபொருளுமில்லை. நம் பௌதிகச் சாலையில் பாயிலின் விதியைச் சோதித்த மாணவன் எவனும் ஒரு மாலைப்பொழுதில் இதனை விளங்கிக்கொள்ளக்கூடும்.

இதன் பிறப்பையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். பிரான்சு தேசத்துச் சுரங்கப் பொறியாளரான ரூக்கேரோல் என்பாரும் கடற்படையைச் சார்ந்த டெனேரூஸ் என்பாரும் 1860-ஆம் ஆண்டுகளிலேயே இத்தகைய ஒரு கருவியை அமைத்தனர். பின்னர் 1943-இல், யுத்தத்தினாற் பெட்ரோல் அரிதாயிருந்த காலத்தில், மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுதற்கென்று தாம் செய்த ஒரு வால்வை எமில் காக்னான் என்னும் பொறியாளர் ஜாக் கூஸ்தோவின் வேண்டுகோளின்படி மூச்சுவிடுதற்கேற்பத் திருத்திக்கொடுத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ரெகுலேட்டர்கள் அதன் வழிவந்தனவே. மோட்டார் வண்டியின் உறுப்பொன்றை எடுத்து, வேறொரு பயனுக்காகத் திருத்திப் பார்த்த துணிவினாற் பிறந்த கருவி இது. அதனைத் திருப்புளியாற் தொடுதலே பாவம் என்று இன்று சொல்லப்படுவது நமக்குச் சிறிது நகைப்பை விளைக்கின்றது.

இக்கருவியிற் பழுதுறுவன எவை? உடல் குரோமியம் பூசிய பித்தளையாதலின், நன்கு பேணினால் ஒரு தலைமுறைக்கும் மேல் நிற்கும். 1970-ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டவை இன்றும் கடலில் இறங்கி வருகின்றன. தேய்வன இரண்டே. வால்வின் கூரிய உலோக விளிம்பு வந்து அழுந்தும் மென்மையான சீட் ஒன்று. நாளடைவில் அவ்விளிம்பின் தழும்பு அதிற் பதிந்து, காற்று கசியத் தொடங்கும். மற்றொன்று ஓரிங் எனப்படும் ரப்பர் வளையம். டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கிறிஸ்டென்சன் என்பார் 1939-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யுத்தம் வந்தபொழுது அமெரிக்க அரசாங்கம் அவ்வுரிமையை விலைக்கு வாங்கிப் பல தொழிற்சாலைகளும் செய்யுமாறு பொதுவாக்கிவிட்டது. அதன் பயனாக ஓரிங் இன்று எண் சொல்லி வாங்கும் பண்டமாயிருக்கின்றது. ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடைகளில் அளவின் எண்ணையும் ரப்பரின் வகையையும் கூறின் எடுத்துக் கொடுப்பர்; விலையும் சொற்பமே. சீட்டோ அவ்வாறன்று. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வடிவம் வைத்திருக்கின்றது. வழக்கெல்லாம் அதனைப் பற்றியதே.

நாம் ஒருமுறை ஒரு விற்பனைச்சாலையிற் சென்று, கம்பெனியின் பெயரையும் உறுப்பின் எண்ணையும் கூறி, ஒரு சீட் வேண்டுமென்று கேட்டோம். பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ‘ஐயா, அதனை விற்க எங்களுக்கு அனுமதியில்லை, ரெகுலேட்டரை வைத்துவிட்டுப் போங்கள்’ என்றார் கடைக்காரர். அவர்மேற் குறையில்லை. பல கம்பெனிகள், தாம் அங்கீகரித்த வணிகர்க்கன்றி உறுப்புக்களையும் பழுதுபார்க்கும் முறைநூலையும் அளிப்பதில்லையென்று விதித்திருக்கின்றன. சிலர் உறுப்புக்களை ஆயுள் முழுவதும் இலவசமாகவே தருவதாகவும் வாக்களிக்கின்றனர். ஆனால் குறித்த காலந்தோறும் அங்கீகாரம் பெற்ற கடையிற் கூலிகொடுத்துப் பழுதுபார்த்து வரவேண்டும். ஒருமுறை தவறினும் அவ்வாக்கு முடிவெய்தும். இதனைக் கொடையென்பதினும் கட்டுக்கயிறென்பதே பொருந்தும்.

மறுப்போர் கூறுவது யாதெனில், இது உயிர்க்கருவி. ஐந்து ரூபாய் வளையம் ஒன்று பிழைபடப் பொருந்தினாலும் ஒருவன் மாள்வான் என்பதாம். ஓரிங் சிறிதென்று இகழத்தக்கதன்று என்பதை 1986-இல் சாலஞ்சர் விண்கலத்துக்கு நேர்ந்த விபத்து உலகுக்குக் காட்டியது. எனவே இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆயினும் ரெகுலேட்டரின் அமைப்பை அறிந்தோர் ஒன்றைக் கருதவேண்டும். பெரும்பாலான ரெகுலேட்டர்களின் இரண்டாங்கட்டத்து வால்வு, காற்று செல்லும் திசையிலேயே திறக்குமாறு அமைந்தது. முதற்கட்டத்துச் சீட் பழுதுற்று இடையழுத்தம் ஏறுமாயின், அவ்வால்வு தானே திறந்து காற்றை வெளியேற்றும். அஃதாவது இக்கருவி கெடும்பொழுது காற்று அடைபடுவதினும் ஓயாது கொட்டுவதே பெரும்பான்மை. கொட்டுதலும் அபாயமே, ஆழத்தில் சிலிண்டர் விரைவில் வற்றிவிடும். ஆயினும் அதனிடையே மூச்சுவிடவும் துணைவனை நாடவும் மேலேறவும் மூழ்குவோர் யாவரும் பயிற்சி பெறுகின்றனர். மேலும், பெரும்பயணத்துக்கு முதல் நாள் கடையிலிருந்து கருவியைப் பெற்று, சோதியாமற் கடலிற் கொண்டு செல்லாதே என்பது பழகிய மூழ்குவோர் புதியோர்க்குக் கூறும் புத்திமதி. கூலிக்குச் செய்பவனும் பிழைசெய்வான் என்பதன்றி இதன் பொருள் வேறென்ன? அவன் பிழைத்தால் தண்டனை பெறுவது வேறொருவன் உயிர். தன் கருவியைத் தானே திறந்தவனுக்கோ கவனமாயிருத்தற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

ஆகாயத்தைச் சேர்ந்த ஓர் உவமையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் விமானச் சட்டப்படி, பாராசூட்டிற் குதிப்போனுடைய பிரதான பாராசூட்டை, சான்றிதழ் பெற்ற தொழிலாளியோ, அன்றி அதைக்கொண்டு அடுத்துக் குதிக்கப்போகும் அவனேயோ மடித்து வைக்கலாம். ஆபத்துக்கென வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட்டையோ சான்றிதழ் பெற்றவனே மடித்தல் வேண்டும். சிறிய விமானத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் விமானியும், டயர் மாற்றுதல், எண்ணெய் மாற்றுதல் முதலிய குறித்த சில வேலைகளைத் தானே செய்து, இன்ன நாளில் இன்னது செய்தேன் என்று கையெழுத்திட்டு வைக்கலாம். ஈங்கு உயிருக்கு மதிப்பில்லையென்று எவரேனும் கூறுவரோ? அச்சட்டஞ் செய்தோர் ‘எல்லாம் விலக்கு’ என்னாமல், எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யலாகாது, எதனை எழுதி வைக்கவேண்டும் என்று வரம்பு கட்டினர். நாம் வேண்டுவதும் அத்தகைய வரம்பையே. தன் கருவியை, தன் உபயோகத்திற்கு மட்டும், கற்றுக்கொண்டு, குறிப்பெழுதி வைத்துப் பழுதுபார்ப்பவனுக்கு உறுப்பை மறுத்தலாகாது. பிறர் கருவியைக் கூலிக்குத் திறப்பவனுக்குச் சான்றிதழ் இருக்கட்டும். அதில் நமக்கு வழக்கில்லை.

விற்க மறுப்பதனால் மனிதர் திறவாதிருக்கின்றனரோவெனில், அதுவுமில்லை. உண்மை உறுப்பு கிடைக்காதவன் பெயரறியாத ஒருவர் செய்த போலிச் சீட்டை வாங்குகின்றான். அல்லது பழைய ரெகுலேட்டர் ஒன்றை உடைத்து, தேய்ந்ததற்குப் பதில் குறையத் தேய்ந்ததை வைக்கின்றான். அல்லது ஒன்றும் செய்யாமல் கசிகின்ற கருவியோடு கடலில் இறங்குகின்றான். முறைநூல் கிடையாமையால், எவ்வளவு முடுக்குவது என்பதைக் கைப்பழக்கத்தால் ஊகிக்கின்றான். காவலென்று வைத்த தடை இவ்வாறு அபாயத்திற்கே வழிகோலுகின்றது. இதுவே நம் பிரதான ஆட்சேபம். அங்கீகாரம் பெற்ற கடை அருகிலில்லாத தீவுகளிலும் சிறு துறைமுகங்களிலும் தொழில் செய்வோர்க்கு இத்துன்பம் இரட்டிக்கின்றது.

சட்டங்கள் இவ்விஷயத்திற் பாதிவழியே வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மாக்னுசன்–மாஸ் சட்டம், இன்ன பெயருடைய உறுப்பையே விலைக்கு வாங்கவேண்டுமென்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை விதித்தலைப் பொதுவாக விலக்குகின்றது. ஆனால் உறுப்பை விற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கட்டளை, துணிவெளுக்கும் யந்திரம், கைப்பேசி முதலியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ரெகுலேட்டர் அப்பட்டியலில் இல்லை.

இனி, கற்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். வான்ஸ் ஹார்லோ என்பார் ரெகுலேட்டரைப் பேணுதலையும் பழுதுபார்த்தலையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கின்றார். அதனை முழுதும் படித்த பின்னரே ஸ்பானரைக் கையிலெடுத்தல் நலம். ஓரிங்கை எடுக்க எஃகு ஊசியை உபயோகித்தலாகாது. பித்தளைக் கொக்கியே தகும். எஃகு கீறிய கோட்டின் வழியே காற்று என்றென்றும் கசியும். அப்பொழுது பாழாவது வளையமன்று, கருவியின் உடலே. பச்சைக் களிம்பையும் உப்பையும் நீர் கலந்த வெள்ளைக் காடியிற் சிறிது நேரம் ஊறவைத்துப் போக்கலாம். நெடுநேரம் கிடப்பின் குரோமியப் பூச்சு கெடும். முதலில் இரண்டாங்கட்டத்தைத் திறந்து பழகுக; முதற்கட்டம் பின்னர் ஆகட்டும்.

ஆக்ஸிஜன் மிகுதியாகக் கலந்த காற்றுக்கெனவுள்ள ரெகுலேட்டரைப் புதியோர் தொடவேண்டாமென்று அழுத்திச் சொல்வோம். சாதாரண சிலிக்கோன் கிரீஸ் அங்கே பற்றி எரியக்கூடும். வால்வைச் சட்டெனத் திறக்கும்பொழுது காற்று அமுங்கிச் சூடேறுவதே அதற்குப் போதும். அதற்குரிய கிரீஸும் தூய்மையும் வேறு. அங்ஙனமே, தான் பழுதுபார்த்த கருவியை நண்பனுக்கு இரவல் கொடுப்பதும் நாம் மேலே கேட்ட உரிமைக்குப் புறம்பானது.

பழுதுபார்க்க மனமில்லாதவரும் ஒரு கேஜ் வாங்கி வைத்தல் வேண்டும். இடையழுத்தத்தை அளக்கும் அது விலை மிக்கதன்று. ரெகுலேட்டரின் குழாயொன்றிற் பூட்டி, சிலிண்டரைத் திறந்து, இரண்டொருமுறை காற்றை இழுத்துவிட்டு முள்ளைப் பார்க்கவேண்டியதே. முள் தன்னிடத்தில் வந்து அசையாது நிற்குமாயின் சீட் நலமாயிருக்கின்றது. நின்றபின்னும் மெல்ல மேலேறிக்கொண்டேயிருக்குமாயின் அது கசிகின்றது. இரண்டாங்கட்டத்துக்கு ஒரு தொட்டி நீரே போதும். வாய்ப்பகுதி மேல்நோக்க, கருவியை மெல்ல நீரிற் தாழ்த்தினால், டயாபிரம் ஏறக்குறைய ஓரங்குலம் ஆழ்ந்தவுடன் சீறல் கேட்கவேண்டும். அதற்கு முன்னரே சீறினால் வால்வு தளர்ந்திருக்கின்றது. மிக ஆழ்ந்தும் சீறாவிடின் மூச்சிழுக்கப் பெருமுயற்சி வேண்டும். கடையிலிருந்து கருவி திரும்பி வந்த அன்று மாலையே இவ்விரண்டு சோதனைகளையும் செய்து, முள் நின்ற இடத்தை நாளோடு ஒரு நோட்டுப்புத்தகத்திற் குறித்து வைக்க.