கோப்பின் பெயரும் பாடியவரின் சொல்லும்

மறையூர்ப் பகுதியில் களப்பணி செய்யும் மாணவர் ஒருவர், தம் வன்தட்டில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பாடற்கோப்புகள் சேர்ந்துவிட்டதாகவும், அவற்றின் பெயர்களை ஒரே நிரலால் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தார். மாற்றலாம். ஆனால் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒன்று இல்லாமல் மாற்றுதல் கூடாது என்பது என் கருத்து. இதனை எழுத்தர் வேலையாகக் கருதி நம் துறைகளில் யாரும் கற்பிப்பதில்லை.

ஒலிப்பதிவுக் கருவி தானாக இடும் பெயர் அழகற்றதுதான்; தேதியும் வரிசை எண்ணும் சேர்ந்த எண்கோவை. எனினும் எப்பாட்டுக்குப் பின் எப்பாட்டுப் பாடப்பெற்றது, இடையில் எந்த எண் விடுபட்டது என்பன அதனுள் இருக்கின்றன. களக்குறிப்பேட்டில் நாம் எழுதிவைப்பதும் அந்த எண்ணையே. 'பழங்குடிப்பாடல் 001' என்று தொடங்கி வரிசையாக மாற்றிவிட்டால், முதுவர் பெண்ணொருவரின் தாலாட்டும் மலைப்புலையாட்டத்தின் கொட்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகும். பாடியவர் தம் பாட்டை என்ன பெயரால் சுட்டினாரோ, அது முதலில் தொலையும்.

ஆர்னால்டு பாகே 1938இல் தென்னிந்தியாவில் செய்த ஒலிப்பதிவுகளைக் கையில் கொண்டு, நாசிர் ஜைராஸ்போயும் ஏமி கேட்லினும் 1984இல் அதே ஊர்களைத் தேடிச் சென்றனர். எந்த ஒலி எந்த ஊரில், எப்போது பதிவானது என்ற இணைப்பு எஞ்சியிருந்ததாலேயே அம்மறுஆய்வு இயன்றது. பெயர் மாற்றத்தில் நாம் அறுப்பது அந்த இணைப்பைத்தான்.

இனி எழுத்துச் சிக்கல். 'மறையூர்' நமக்கு நான்கெழுத்து. ஒருங்குறியில் ஏழு குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் 21 பைட்டுகள். லினக்ஸில் கோப்புப் பெயரின் உச்ச அளவு பொதுவாக 255 பைட்டுகள். பாடலின் முதலடி, பாடியவர், ஊர், நாள் என அனைத்தையும் தமிழில் பெயருக்குள் திணிக்க முயல்வோர் விரைவில் அந்த எல்லையை முட்டுவர். 'தொட்டில்' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த கோப்பை வேறொரு கணினியில் தேடினால் 'இல்லை' என்று விடை வரலாம். குறியெண் வரிசைப்படி அடுக்கும் நிரலில் 'மறையூர்' 'மலை'க்கு முன் நிற்கும். நம் அகராதியிலோ பின்னால் வரும். ஆங்கில எழுத்துக்கு மாறினாலும் தப்பமுடியாது: இவ்வூருக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் வழக்கில் உள்ளன.

ஆகவே கோப்புக்குப் பொருள் சுமக்காத, மாறாத சிறு அடையாள எண் போதும். 0001 என முன்சுழியங்களுடன். பாடியவர் சொன்ன பெயர், பேச்சுவழக்கு, ஊர், நாள், கருவி இட்ட மூலப்பெயர் ஆகியவை தனிப் பட்டியலில் தமிழிலேயே நீளமாக இருக்கட்டும். தமிழ்ப் பற்றுடைய நண்பர்கள் சினம் கொள்ள வேண்டா. தமிழுக்கு அங்கே இடம் கூடுதலாகவே கிடைக்கிறது.

மாற்றத் தொடங்குமுன் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணித்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அது உள்ளடக்கத்திலிருந்து பிறப்பது. பெயர் எத்தனை முறை மாறினாலும் மாறாது. கோப்பினுள் குறிச்சொற்களை எழுதினால் மட்டும் மாறிவிடும். அப்பணியைப் படியில் செய்க. லினக்ஸின் எம்வி கட்டளையிடமும் கவனம் தேவை. அதே பெயரில் வேறொரு கோப்பு முன்பே இருந்தால், இயல்பில் அது கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். ஒரு விதியால் ஆயிரம் பெயர்களைச் சுருக்கும்போது இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடுவது அரிதன்று. இரண்டு பாட்டில் ஒன்று போய்விடும். எண்ணிப் பார்க்காதவருக்குப் போனதும் தெரியாது. பாடியவர் மூதாட்டியாக இருந்தால், மறுபடி மலையேறிப் பதிவுசெய்ய அவர் இருப்பாரா என்பதை ஆய்வுக் காலவரையறை தீர்மானிப்பதில்லை.

மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாடல் வரிகளைக் கேட்கும் நீங்கள், இப்பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள்.