முள் இறங்கினால் என்ன செய்வது?

மோட்டார் லாரியில் டிரைவருக்கு எதிரே உள்ள பலகையில் நாலைந்து வட்டங்கள் இருக்கின்றன. வேகம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, தண்ணீரின் உஷ்ணம் எவ்வளவு என்பதையெல்லாம் அவை சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்கிறவர்களின் கண் வேகத்தைக் காட்டும் வட்டத்தின் மேலேயே போகும். அநுபவசாலியான டிரைவரின் கண்ணோ அடிக்கடி வேறொரு முள்ளைத் தேடிச் செல்லும். அது எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள். வேகம் தெரியாமல் பத்து மைல் போகலாம், மோசமில்லை. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி தானே நின்றுவிடும், யந்திரத்துக்குச் சேதமில்லை. எண்ணெயின் அழுத்தம் போய்விட்டாலோ வண்டி உடனே நிற்பதில்லை. ஓடிக்கொண்டே தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

அந்த முள்ளுக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஓடும் மெல்லிய குழாயைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். "இது மேஸ்திரிகளின் விஷயமாயிற்றே, குடும்பஸ்தர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாக வாசித்தால் குடும்பஸ்தர்களுக்கும் இதில் விஷயம் உண்டென்று தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு பழைய ஷெவர்லே லாரியை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-ம் வருஷத்தில் பம்பாயில் தொழிற்சாலை வைத்து ஷெவர்லே வண்டிகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1945-ல் யுத்தம் முடிந்ததும் ராணுவத்துக்கு வேண்டாத லாரிகள் விற்பனைக்கு வந்தன. இப்படியெல்லாம் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த வண்டிகளில் சில, பிரியமுள்ளவர்களின் கொட்டகைகளில் இன்றும் உயிரோடிருக்கின்றன. 1937 முதல் 1953 வரையில் ஷெவர்லே லாரிகளில் பெரும்பாலும் ஒரே ஜாதி யந்திரந்தான் பொருத்தப்பட்டது: ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம்.

இந்த யந்திரத்தில் எண்ணெய் போகும் விதம் சற்று விநோதமானது. அடியில் சுழலும் பெரிய தண்டின் முக்கியமான பேரிங்குகளுக்குப் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. கனெக்டிங் ராடுகளுக்கோ அந்த மரியாதை கிடையாது. ஒவ்வொரு ராடின் அடியிலும் கரண்டி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அது கீழேயுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடினால் பீச்சுக் குழல்களிலிருந்து வரும் எண்ணெய் அந்தக் கரண்டிகளில் பாயும். ராடுகளில் உள்ள பேரிங் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு இவற்றைக் கலந்து உருக்கி வார்த்தது. எண்ணெய் இருக்கும் வரையில் அது வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று உழைக்கும். எண்ணெய் நின்றுவிட்டால் வெண்ணெய் மாதிரியே உருகியும் போகும். அப்புறம் அதை மறுபடியும் வார்த்துக் கடைந்து பொருத்தத் தெரிந்த கைகள் வேண்டும். அந்தக் கைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. ஆகையால் எண்ணெய் முள்ளை அலட்சியம் செய்வது இரண்டு தலைமுறையின் சொத்தை ஒரு பகல் பிரயாணத்தில் தொலைப்பதற்குச் சமானம்.

இந்த லாரிகளில் முள்ளின் வட்டம் 30 ராத்தலோடு முடிந்துவிடும். சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 ராத்தல் அழுத்தம் காட்டினால் போதும். நின்றபடி மெதுவாக ஓடும்போது அதைவிட நன்றாகக் குறையும். புதுக் காலத்து வண்டிகளில் பழகியவர்கள் இதைக் கண்டு திகில் அடைவார்கள். திகில் வேண்டாம், அந்த யந்திரத்தின் சுபாவமே அது. வழக்கமாக 14 காட்டிய முள் ஒரு நாள் திடீரென்று பூஜ்யத்துக்கு வந்தால்தான் திகில் அடைய வேண்டும்.

முள் எப்படி அசைகிறது? வட்டத்துக்குப் பின்னால் ஒரு சிறு பித்தளைக் குழல் அரிவாள் போல் வளைந்து கிடக்கிறது. அது உருண்டையாக இல்லாமல் தட்டையாக அமுக்கப்பட்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் குழல் நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வைச் சிறு பற்சக்கரம் முள்ளுக்குக் கொண்டுபோகும். பிரெஞ்சுக்காரரான யூஜீன் பூர்தோன் 1849-ம் வருஷத்தில் இதற்கு உரிமை பெற்றார். நசுங்கிப்போன ஒரு சுருள் குழாயைச் சரியாக்க அவர் உள்ளே தண்ணீரை அழுத்திச் செலுத்தியபோது, சுருள் தானே பிரிந்ததாகவும், அதைப் பார்த்தே அவருக்கு இந்த யோசனை பிறந்ததாகவும் கதை சொல்வார்கள். இன்றைக்கும் லட்சக்கணக்கான யந்திரங்களில் அந்த வளைந்த குழல் நிமிர்ந்து நிமிர்ந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

யந்திரத்திலிருந்து அந்தக் குழலுக்குப் போவது எட்டில் ஓர் அங்குலமே பருமனுள்ள செம்புக் குழாய். இவ்வளவு மெல்லிய குழாய் எப்படிப் போதும்? அதில் எண்ணெய் ஓடுவதில்லை. மறுமுனை மூடிய சந்து அது. உள்ளே போன எண்ணெய் அப்படியே நிற்கும். ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் அதே அழுத்தம் தெரியும் என்று பாஸ்கல் என்ற ஞானி சொன்னதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். செய்தி மட்டுந்தான் போகிறது, சரக்கு போவதில்லை. ஆனால் குழாயில் ஊசிமுனை அளவு வெடிப்புக் கண்டால் அந்தக் கணமே சரக்கும் போக ஆரம்பித்துவிடும். கொதிக்கும் எண்ணெய் டிரைவரின் காலில் பீச்சும். அல்லது சூடேறிய புகைக் குழாயின் மேல் விழுந்து புகையும், சில சமயம் பற்றியும் எரியும். யாரும் கவனியாவிட்டால் சட்டியிலுள்ள எண்ணெய் முழுதும் அந்த வெடிப்பு வழியே வெளியேறிவிடும். அபாயத்தை அறிவிக்க வைத்த குழாயே அபாயமாகிவிடும்!

செம்பு ஏன் வெடிக்கிறது? செம்புக்கு ஒரு குணம்: அதை ஆட்டி ஆட்டி வளைத்தால் இறுகும், இறுகியபின் முறியும். யந்திரம் நடுங்குகிறது, டிரைவருக்கு எதிரேயுள்ள பலகை அவ்வளவாக நடுங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட குழாய், வருஷக் கணக்கில் ஆடி, பெரும்பாலும் நட்டுக்கு அருகிலேயே முறிகிறது.

நமக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டில் இப்படிப்பட்ட லாரி ஒன்று இருக்கிறது. பேத்தியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பை அதிலேயே நடத்த வேண்டுமென்று அவருக்கு ஆசை. கல்யாண ஊர் நாற்பது மைல். புறப்படுவதற்கு முதல் நாள் குழாய் வெடித்துவிட்டது. பெரியவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அந்தக் குழாயை மடக்கி அடித்துவிடப்பா. எண்ணெய் ஒழுகாது, வண்டி ஓடும். முள் இல்லாவிட்டால் என்ன?" என்றார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "ஓடுங்க, ஐயா. ஆனால் எதுவரைக்கும் ஓடும்னு நமக்குத் தெரியாதுங்களே!" என்றார்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புதுக் குழாய் வாங்கி வா" என்று பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

மேஸ்திரி செய்த வேலையை நாம் அருகிலிருந்து பார்த்தோம். முதலில் யந்திரம் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். பழைய குழாயைக் கழற்றும்போது இரண்டு ஸ்பானர்களை உபயோகித்தார். ஒன்றால் வட்டத்தின் பின்பக்கத்துக் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்பினார். கழுத்தும் கூடச் சுழன்றால் உள்ளேயிருக்கும் பூர்தோனின் குழல் முறுக்கிக்கொண்டு பாழாகிவிடும் அல்லவா?

புதுச் செம்புக் குழாயைப் பழையதைவிட இரண்டு சாண் அதிகமாகவே வெட்டினார். வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் நீக்கி, உள்ளே தூள் நிற்காமல் ஊதினார். அதிகமான நீளத்தை ஓர் உருண்டைக் கட்டையின் மேல் சுற்றி, யந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சுருள்களாக விட்டார். நடுக்கத்தையெல்லாம் அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும், நட்டுக்குப் போகாது. தகட்டுச் சுவரின் துவாரத்தில் குழாய் உராயாமல் ரப்பர் வளையம் வைத்தார். புகைக் குழாய்க்கு எட்டாத வழியில் கொண்டுபோய் இரண்டு இடங்களில் பிடித்துக் கட்டினார்.

நட்டுக்குள் போகும் பித்தளைச் சிறு வளையமும் புதிதே. அந்த வளையம் ஒரு தடவை குழாயைக் கவ்வினால் பிறகு விடாது. பழைய வளையத்தைப் புதுக் குழாய்க்குப் போட முயல்வது வீண். நட்டைக் கையாலேயே முடிந்தமட்டும் திருகி, அப்புறம் ஸ்பானரால் அளவாக இறுக்கினார். பலத்தைக் காட்டினால் பித்தளை பிளந்துவிடும். செம்புக்குப் பதிலாக நைலான் குழாயும் கடைகளில் விற்கிறது. அது ஆட்டத்துக்கு அஞ்சாது; சூட்டுக்கு அஞ்சும். புகைக் குழாயின் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

கடைசியாக எண்ணெய் அளக்கும் குச்சியை இழுத்துப் பார்த்து, ஒழுகிப்போன அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றினார். யந்திரத்தைக் கிளப்பியதும் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தோம். குழாயில் காற்று இருந்தபடியால் முள் சிறிது தயங்கி, பிறகு எழுந்தது. முள் எழாவிட்டால் சில விநாடிகளுக்குள் யந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று மேஸ்திரி முன்னாலேயே சொல்லியிருந்தார். இரண்டு முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, யந்திரம் சூடேறியபின் மறுபடி துடைத்துப் பார்த்தார். துணியில் கறை இல்லை.

லாரி மறுநாள் நாற்பது மைலும் போய்த் திரும்பியது. முள் வழியெல்லாம் 14-க்கு அருகிலேயே நின்றதாம்.

முள் பூஜ்யத்துக்கு வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: செய்தி கொண்டுவரும் குழாய் கெட்டிருக்கலாம், அல்லது செய்தியே கெட்டதாயிருக்கலாம். "முள்தான் பொய் சொல்கிறது" என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போவதுதான் மனித சுபாவம். முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். அப்புறம் முள்ளைச் சந்தேகிக்கலாம். நிறுத்தினதால் கெட்டுப்போன யந்திரம் கிடையாது.

நம்முடைய பள்ளிக்கூடத்தில் சில தகப்பனார்கள், பையனின் மார்க்குப் பட்டியலைப் பார்த்ததும் பட்டியலைக் கோபித்துக்கொள்கிறார்கள். பட்டியலைக் கிழித்துவிட்டால் பையன் கணக்கில் தேறிவிடுவானா? ஜுரமானியை ஒளித்து வைத்தால் ஜுரம் இறங்குமா? வரவு செலவுக் கணக்கை எழுதாமல் விட்டால் கடன்தான் தீருமா? செய்தி கொண்டுவரும் குழாய் ஒழுகினால் குழாயை மாற்றுவோம். அதை மடக்கி அடித்துவிட்டு, வண்டி சுகமாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம்.