இரண்டு நாள் தெருவும் ஐந்தாண்டு வாக்கும்

2016 ஏப்ரல் 18 அன்று பெங்களூருவின் ஓசூர் சாலையில் போக்குவரத்து நின்றது. பொம்மனஹள்ளிப் பகுதி ஆயத்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் தையல் எந்திரங்களை விட்டெழுந்து சாலையை நிறைத்திருந்தனர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது நிறையும்வரை எடுக்க இயலாது என்று மோடி அரசு பிப்ரவரியில் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. நாற்பது வயதிலேயே உடல் தளர்ந்து ஆலையை விட்டு வெளியேறுபவளுக்கு 58 என்பது என்ன பொருள் தரும்? பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அவள் நம்பியிருந்த ஒரே சேமிப்பு அது.

எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. மறுநாள் துமகூரு சாலைக்கும் போராட்டம் பரவியது. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா முதலில் ஜூலை 31 வரை ஒத்திவைப்பதாகக் கூறினார். அன்று மாலைக்குள் அறிவிக்கையே ரத்து செய்யப்பட்டது.

நாடாளுமன்றத்தில் 282 இடங்கள் பெற்றிருந்த கட்சியின் அரசு அது. 2014 தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்குகளோ 31 விழுக்காடுதான். இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சுட்டியே இடதுசாரிகள் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கோரி வருகின்றனர். தேர்தல் பத்திரங்களை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பு வந்தது. இவை சிறிய செய்திகள் அல்ல.

ஆயினும் தோழர்கள் சிலர் பெங்களூரு நிகழ்வைக் காட்டி, "தெருவே போதும், தேர்தல் எதற்கு?" என்கின்றனர். இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் தவறு. தேர்தல் பணியன்றி வேறு பணியறியாத கிளைகள் நம்மிடையே உள்ளன என்பதும் அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ரோசா லக்சம்பர்க் 1899இல் பெர்ன்ஸ்டைனை மறுத்து எழுதியபோது, சீர்திருத்தத்தையும் புரட்சியையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. முன்னது வழி, பின்னது இலக்கு என்றார். இலக்கைக் கைவிட்டவர் அதே ஊருக்கு மெதுவாகச் செல்பவர் அல்லர், வேறோர் ஊருக்குச் செல்பவர் என்பதே அவர் வாதத்தின் சாரம். (தமிழில் 'சீர்திருத்தம்' என்றதும் சீர்திருத்தத் திருமணம் நினைவுக்கு வருகிறது; பெருமைக்குரிய சொல். 'சீர்திருத்தவாதம்' என்னும் வசைச்சொல் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. குழப்பத்தில் மொழிக்கும் பங்குண்டு.)

தெருவில் வென்றதைக் காக்கத் தெரு மட்டும் போதவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. 2023 பிப்ரவரியில் கர்நாடக சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவகுத்தது. 2016இல் ஓசூர் சாலையை நிறைத்த கூட்டம் அன்று திரளவில்லை. தன்னெழுச்சி வைப்பு நிதியை மீட்டது. நிலையான அமைப்பை அது தானே விட்டுச்செல்லவில்லை. அதைக் கட்டுவது நம் வேலையாயிருந்தது. போதிய அளவு கட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பெருநகர மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி அதிகாரிகளே நகரை நடத்தினர். 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. குடிநீரும் தெருவிளக்கும் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத நிலையை, "முதலாளித்துவ மன்றம்தானே" என்று எளிதாகக் கடந்துவிட இயலுமா? பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் வாடகை அறைகளில் வாழும் ஆடைத் தொழிலாளர் பலரின் வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலுடன் அந்த அறைகளின் கதவைத் தட்டும் தோழர், அதே கையில் சங்க உறுப்பினர் படிவத்தையும் கொண்டு செல்லட்டும்.