சுயதொழில் உபதேசமும் தீவக இளைஞரும்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தாரிடை நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது நம்மவர் கொண்ட மோகத்தை எள்ளி நகையாடுவதற்கு இன்று இது பெரிதும் பயன்படுகின்றது. தொழில் வழிகாட்டல் என்ற பெயரால் பாடசாலை மண்டபங்களிற் பேச வருவோர் இப்பழமொழியைக் கூறி மாணவரைச் சிரிக்க வைத்துவிட்டு, “தொழில் தேடுவோராக இராதீர்கள், தொழில் வழங்குவோராக மாறுங்கள்” என்று முடிக்கின்றனர். வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் படிப்பை முடித்துவிட்டு நிற்கும் இளைஞருக்கும் இவ்வுபதேசமே வழங்கப்படுகின்றது. இதன் உள்ளடக்கம் யாது? இதனால் நலம் பெறுவோர் யாவர்? இவ்வினாக்களை ஆசிரியரும் மாணவரும் எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் அப்பழமொழியையே எடுத்துக்கொள்வோம். அது சோம்பேறிகளின் வாக்கன்று. மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும். காற்று மாறினால் வள்ளம் கரையிலே கிடக்கும். உழுபவன் கையில் நிலமில்லை. மீன்பிடிப்பவன் கையில் வலையில்லை. மாதந் தவறாத சம்பளமும் முதுமைக்கு ஓய்வூதியமும் தரவல்லது அரசாங்க உத்தியோகம் ஒன்றே என்பதை அனுபவத்தாற் கண்ட மக்களின் வாக்கு அது. வாழ்வுக்குப் பாதுகாப்பு நாடுவது மோகமாகாது. அதனை மோகமென்று பழிப்போரிற் பலர் மாதச் சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் உடையோர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து அவர்கள் வரலாற்றைத் துணைக்கு அழைக்கின்றனர். “உங்கள் பாட்டன்மார் வெறுங்கையோடு தீவை விட்டுப் புறப்பட்டுக் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை திறந்து பொருளீட்டவில்லையா?” என்று கேட்கின்றனர். தீவக மக்கள் தென்னிலங்கையெங்கும் பலசரக்குக் கடையும் சுருட்டுக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தியது உண்மை. அவர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அக்கடைகள் எவர் உழைப்பில் எழுந்தன?

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, உறவுக்கார முதலாளியின் பின்னால் புறப்பட்ட சிறுவரே அக்கடைகளின் சிப்பந்திகள். விடியுமுன் கடை கூட்டுவதும், நிறுப்பதும், கட்டுவதும், இரவில் அதே கடைக்குள்ளே பாய் விரிப்பதுமாக அவர்தம் இளமை கழிந்தது. சம்பளம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. ஊர் திரும்பும் காலத்திலேதான் அது கைக்கு வரும். அதுவே அந்நாளைய தொழிற்பயிற்சி. அவ்வாறு பயின்றவருட் சிலர் பின்னாளில் பங்காளராயினர். சிலர் சொந்தக் கடை கண்டனர். பலர் சிப்பந்திகளாகவே நரைத்தனர். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமும் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. அவ்வெல்லை எவ்வளவு இன்றியமையாததாயிருந்தது என்பதைக் கடைச் சிப்பந்தியாயிருந்த முதியவர் எவரும் சொல்வர். வென்ற ஒருவரின் படத்தை மண்டபத்தில் மாட்டிவிட்டு, தோற்ற பலரை மறைப்பது வரலாறாகாது.

அன்றியும், அக்கடைகளின் முதல், உறவினுள்ளும் சாதியினுள்ளும் சுழன்ற முதல். 1960களின் பிற்பகுதியில் வடபகுதித் தேநீர்க் கடைகளிற் சமமாக அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமைக்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. கடையின் உள்ளே நுழையவும் விடப்படாதவனுக்குக் கடை முதலாளியாகும் வழி எங்ஙனம் திறந்திருக்கும்? ஈற்றில் அந்த வணிகமும் நிலைக்கவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகள் சூறையாடப்பட்டன; எரிக்கப்பட்டன. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீவக மக்களே பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இவ்வளவையும் விழுங்கிவிட்டு, ‘முயற்சியுடையார் முன்னேறுவர்’ என்று கூறுவது உபதேசமன்று, மோசடி.

இன்றைய நிலை யாது? நெடுந்தீவு இளைஞன் ஒருவன் மீனைக் கருவாடாக்கி விற்க எண்ணுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பண்டம் குறிகாட்டுவானுக்குப் படகேறிப் பின் யாழ்ப்பாணத்துக்கு வீதியேற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகில்லை. பனிக்கட்டி இல்லையெனின் பிடித்த மீனைக் கரையில் நிற்கும் வியாபாரி கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டும். நன்னீரோ தீவகத்தில் என்றுமே அரிது. கடலின் அடியைச் சுரண்டும் இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. எனினும் பாக்கு நீரிணையைக் கடந்துவரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வது நின்றபாடில்லை. அப்படகுகளிற் கூலிக்கு வருவோரும் ஏழைகளே. இலாபம் படகு முதலாளிகளுக்கே. இத்தனை தடைகளையும் ஓர் இளைஞனின் ‘மனப்பாங்கு’ நீக்கிவிடுமா?

முதலுக்கு வழி கேட்டால் நுண்கடனைக் காட்டுகின்றனர். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் சுயதொழிலின் பெயரால் நுண்கடன் பரவிய கதையை நாம் அறிவோம். ஆடு வளர்க்கவும் கோழி வளர்க்கவும் கடன் பெற்ற பெண்கள், வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் தவணைக்காரருக்கு அஞ்சி வேறொரு கடன் பெற்றனர். 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர நேர்ந்தது. தொழிலுக்கு வேண்டிய வீதியும் நீரும் சந்தையும் இல்லாத இடத்தில் கடன் மட்டும் கொடுப்பது, நீச்சல் அறியாதவனுக்குக் கல்லைக் கட்டி விடுவதை ஒக்கும்.

தொழிற்பயிற்சி பற்றிய பேச்சும் இத்தகையதே. கைத்தொழில் இழிவென்று நாம் கூறவில்லை. தச்சனும் கொல்லனும் மின்வினைஞனும் இன்றி ஒரு சமூகம் ஒரு நாளும் வாழாது. ஆயின் ‘ஒரு தொழிலைப் பழகு’ என்பது எவருடைய பிள்ளைக்குச் சொல்லப்படுகின்றது? வசதி படைத்தோரின் பிள்ளை பரீட்சையிற் தவறினால் வெளிநாட்டுக் கல்லூரி காத்திருக்கின்றது. ஏழையின் பிள்ளை தவறினாற்றான் பட்டறை நினைவுக்கு வருகின்றது. க. பொ. த. சாதாரணதரப் பெறுபேற்றைக் கருதாது எல்லா மாணவரும் தொடர்ந்து பயில்வதற்கென 2017ஆம் ஆண்டில் தொழிற்பாடத்துறை தொடங்கப்பட்டது. நல்ல நோக்கமே. எனினும் தோற்றவருக்குரிய வாங்கு என அது கருதப்படுமாயின், பிறப்பாற் தொழிலை வகுத்த பழைய சாதிமுறை பரீட்சைப் புள்ளியின் வேடத்தில் மீண்டும் வந்துவிடும்.

பட்டறையின் உள்ளே நிகழ்வதையும் நோக்க வேண்டும். தொழிற்பயிலுநருக்கெனச் சட்டம் 1971ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் வாகனத் திருத்தகங்களிலும் ஒட்டுத் தொழிலகங்களிலும் ‘பழக வந்த பெடியன்’ எழுத்திலான உடன்படிக்கை எதுவுமின்றி எடுபிடியாக உழைப்பதை நாம் காண்கின்றோம். ஜேர்மனியிலே பயிலுநன் ஒப்பந்தத்தோடு சேர்கின்றான். மாதந்தோறும் ஊதியம் பெறுகின்றான். அவ்வூதியத்தின் கீழெல்லை 2020ஆம் ஆண்டு முதல் சட்டத்தினால் வரையறுக்கப்பட்டுள்ளது. முதலாளித்துவ நாடொன்று தன் பயிலுநருக்கு வழங்கும் உரிமையை நம் பிள்ளைகளுக்குக் கேட்பது பேராசையாகுமா?

அங்ஙனமாயின் மாற்று வழி யாது? அது கற்பனையிலன்று, நம் மண்ணிலேயே உள்ளது. தவறணைக் குத்தகைக்காரரின் பிடியில் நலிந்த கள்ளிறக்கும் தொழிலாளர் 1970களிற் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுபட்டனர். இறக்கிய கள்ளைத் தம் சங்கத்துக்கே கொடுத்து, நிலையான விலையும் சேமிப்பும் கண்டனர். காரைநகரில் நோர்வே மக்களின் உதவியோடு தோன்றிய சீநோர் நிறுவனம் போருக்கு முன் படகு கட்டும் தொழிலைத் தீவகத்திலேயே வளர்த்தது. தனியொருவனைக் கடனாளியாக்கிக் கடலில் இறக்கும் வழியன்று இது. உற்பத்திச் சாதனத்தைப் பொதுவாக்கிப் பலரை ஒருங்கே கரையேற்றும் வழி.

ஆதலின் நாம் கேட்பவை இவை. எழுத்திலான உடன்படிக்கையும் வாழ்வதற்குப் போதிய ஊதியமும் குறித்த காலமும் தகைமைச் சான்றிதழும் இன்றி எந்த இளைஞனும் யுவதியும் பயிலுநராக அமர்த்தப்படலாகாது. கடனுக்கு முன் பனிக்கட்டிச் சாலையும் ஒழுங்கான படகுச் சேவையும் நன்னீரும் வேண்டும். அவை கூட்டுறவின் கையிலோ அரசின் கையிலோ இருத்தல் வேண்டும். தீவகத்தில் நிகழும் ஒவ்வொரு பொதுவேலையிலும் தீவக இளைஞர் பயிலுநராகச் சேர்க்கப்படல் வேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு இந்திய அரசின் நன்கொடையோடு 2024ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அவ்வியந்திரங்களைப் பேணவும் பழுதுபார்க்கவும் அத்தீவுகளின் பிள்ளைகள் பயிற்றப்படுவார்களா? அன்றி, ஒவ்வொரு பழுதுக்கும் வெளியார் படகேறி வர, நம்மவர் துறைமுகத்தில் மூட்டை சுமப்பார்களா? தொழில் வழிகாட்டல் என்பது இவ்வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அடுத்த முறை மண்டபத்தில் ஒருவர் எழுந்து ‘தொழில் வழங்குவோராக மாறுங்கள்’ என்று முழங்கும்போது, கைதட்டுமுன் எழுந்து நின்று கேளுங்கள்: எந்த முதலைக் கொண்டு? எந்தச் சந்தையை நம்பி? தோற்றால் எவர் பொறுப்பு? விடை கூற இயலாத உபதேசம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். வேலை செய்யும் உரிமை, பிச்சையாகவோ கடனாகவோ பெறத்தக்கதன்று. ஒன்றுபட்டுக் கோரிப் பெறத்தக்கது.