வகுப்புக்கு வரும் குதிரை

பெங்களூர் நீலசந்திராவில் வளரும் ஒரு பிள்ளை குதிரையைப் பக்கத்தில் பார்ப்பது பெரும்பாலும் கல்யாண ஊர்வலத்தில்தான். ஜிகினாத் துணி போர்த்தி, மாப்பிள்ளையை மேலே ஏற்றி, முன்னால் பாண்டு வாத்தியமும் பக்கத்தில் பட்டாசுமாக நடத்திப் போவார்கள். குதிரையின் காது பின்னால் மடிந்திருக்கும், கண்ணில் வெள்ளை தெரியும். அது மிரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைக்கு அது தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை.

தாத்தா காலத்தில் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் ஜட்கா நின்றது. குதிரை எப்போது தண்ணீர் கேட்கும், எப்போது உதைக்கும் என்பது தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீலசந்திராவிலிருந்து அதிக தூரமில்லாத ஜான்சன் மார்க்கெட் இருக்கும் இடமே ஒரு காலத்தில் குதிரை லாயம்தான். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து 1824இல் பெங்களூர் வந்த குதிரை வியாபாரி ஆகா அலி அஸ்கரின் லாயங்கள் அங்கே இருந்தன. பின்னாளில் மைசூர் திவானான சர் மிர்ஸா இஸ்மாயில் அவருடைய பேரன். இன்று லாயமும் இல்லை, ஜட்காவும் இல்லை.

இந்த நிலையில், சாதுவான குதிரை ஒன்றைப் பள்ளிக்கே அழைத்து வந்து பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யம் சொல்லித் தரலாமே என்ற யோசனை கவர்ச்சியாக இருக்கிறது. யோசனை புதியதல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். டென்னசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் தானே கற்றுக் கால்நடை வைத்தியரானவர் வில்லியம் கீ. பிழைக்காது என்று நினைத்த ஒரு நோஞ்சான் குட்டியை எடுத்து வளர்த்தார். ஜிம் கீ என்று பெயர். சாட்டையைத் தொடாமலே பழக்கினார். அது எழுத்துகளை எடுத்துக் கொடுத்தது, கணக்குப் போட்டது. 1897 முதல் சுமார் ஒன்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியிலும் கூட்டம் அலைமோதியது. பார்க்க வந்த பிள்ளைகள் பிராணிகளிடம் அன்பாக நடப்பதாக உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்திட்டார்கள். லட்சக்கணக்கில் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

தானே ஒருவரின் உடைமையாக இருந்த மனிதர், அடியில்லாமல் ஒரு ஜீவனைப் பழக்கிக் காட்டியது சாதாரண விஷயமல்ல. ஆனாலும் ஒரு சந்தேகம் எழுகிறது. பிள்ளைகள் கை தட்டியது அன்புக்கா, கெட்டிக்காரத்தனத்துக்கா? கணக்குப் போடும் குதிரையிடம் அன்பு காட்டுவது சுலபம். கணக்குத் தெரியாத, புண்பட்ட தோளோடு பாரம் இழுக்கும் மாட்டின் கதி என்ன?

இந்தக் கேள்விக்குப் பெங்களூரோடு தொடர்புள்ள ஒருவரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1959இல் இந்தியா வழியாகப் பயணம் போய்க்கொண்டிருந்தார். டெல்லியில் சாலையோரம் ஒரு குதிரை உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. காக்கைகள் அதன் கண்களைக் கொத்தியிருந்தன. போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரோஜர்ஸ் தன் பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டார். டெல்லியில் தொடங்கி, ஜெய்ப்பூரில் தொடர்ந்து, 1991இல் பெங்களூரில் ‘கூபா’ என்று அறியப்படும் பிராணி நல அமைப்பை உருவாக்கினார். 1996இல் காலமாகும் வரை இந்த வேலையை விடவில்லை. அவருக்குப் பாடம் நடத்திய குதிரை எந்த வித்தையும் செய்யவில்லை. அதற்கு வலித்தது, அவர் நின்றார். அவ்வளவுதான்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவாக 1960இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அடிப்பதும் அதிக பாரம் ஏற்றுவதும் அதன்படி குற்றம். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு மசால் தோசைக்குப் போதாத அந்தத் தொகை யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. அதே சட்டம், பிராணிகளிடம் பரிவு காட்டக் கற்பிப்பதையும் பிராணிகள் நல வாரியத்தின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளில் உயிர்களிடம் இரக்கமும் ஒன்று. பாதி வேலையைப் பள்ளிக்கூடத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஆகவே குதிரை வரட்டும். ஆனால் விருந்தாளியாக வரட்டும், வித்தைக்காரனாக அல்ல. வழவழப்பான தரையில் குளம்பு வழுக்கும். வகுப்பறை வேண்டாம், மண் மைதானம் போதும். நாற்பது பேர் சூழ்ந்துகொண்டு கத்தக் கூடாது. நாலைந்து பேராகப் போகட்டும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்கக் கற்றுக்கொடுங்கள். கேரட் துண்டை விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டட்டும். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டால், போதும் என்று விட்டுவிடவும் கற்றுக்கொள்ளட்டும். பாடத்தின் முக்கியமான பகுதியே அதுதான். நாய்க்குட்டியிடம் பிள்ளைகள் காட்டுவது செல்லம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய, தன்னைக் கண்டே மிரளக்கூடிய ஒரு ஜீவன் முன்னால் நிற்கும்போதுதான் மரியாதை பிறக்கிறது.

பரீட்சை பள்ளியில் நடக்காது. அடுத்த ஊர்வலம் நீலசந்திராத் தெருவில் வரும்போது, பத்து வயதுப் பையன் ஒருவன் குதிரையின் காதைப் பார்த்துவிட்டு, திரியில் நெருப்பு வைக்கப் போகிறவரிடம் ஓடி, “அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போய் வெடிங்க, அது பயப்படுது” என்று சொன்னால் தேறிவிட்டான்.